இணையக் கடைக்குத் தீம் தேர்வும் திருத்தமும்: நம் கடற்கரை வியாபாரிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ராமநாதபுரம் மாவட்டக் கரையில் தொண்டியிலிருந்து சாயல்குடி வரை கருவாடு, கருப்பட்டி, முண்டு மிளகாய், தொதல் இனிப்பு, சங்குப் பொருள், பனையோலைப் பெட்டி என்று சின்ன அளவில் இணையத்தில் விற்க வருகிறவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். இவர்களுக்குக் கடைத் தளம் அமைத்துக் கொடுப்பது என் தொழில். ஊர் மாறினாலும் சந்தேகம் மாறுவதில்லை என்பதால், கேட்டவர்கள் கேட்ட வாக்கிலேயே கேள்விகளை எழுதிப் பதில்களைத் தொகுத்திருக்கிறேன். முதலில் எளியவை, போகப்போகச் சிக்கலானவை.

1. தீம்னா என்னண்ணே? அது இல்லாம கடை போட முடியாதா?

உங்கள் தளம் எப்படித் தெரிய வேண்டும், எது மேலே, எது கீழே, விலை எங்கே, படம் எத்தனை பெரிது என்பதையெல்லாம் தீர்மானிக்கிற கோப்புகளின் தொகுப்புதான் தீம். சாமான் பெயர், விலை, இருப்பு, ஆர்டர், வாடிக்கையாளர் முகவரி எல்லாம் வேறு இடத்தில், தரவுத்தளத்தில் இருக்கும். கடையில் சரக்கு வேறு, சரக்கை அடுக்கி வைக்கும் தட்டும் பெயர்ப்பலகையும் வேறு என்பது போலத்தான். இந்தப் பிரிவினையை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் பாதிச் சந்தேகம் தானே தீரும்.

தீம் இல்லாமல் கடை கிடையாது. எந்தக் கடை மென்பொருளை எடுத்தாலும் ஏதாவது ஒரு தீமோடுதான் வரும். அது உங்களுக்குப் பொருந்துகிறதா என்பதுதான் பார்க்க வேண்டியது.

2. ஷாபிஃபைல போடுறதா, வேர்ட்பிரஸ்லயா? ஒரே தீம் ரெண்டுக்கும் ஆகுமா?

ஆகாது. இரண்டும் தளம் அமைக்கும் மென்பொருள்தான், ஆனால் ஷாபிஃபை தீம் ஷாபிஃபையில் மட்டும்தான் ஓடும். வேர்ட்பிரஸ் தீம் வேர்ட்பிரஸில் மட்டும்தான். அதனால் தீம் பார்ப்பதற்கு முன்பே இதை முடிவு செய்துவிட வேண்டும்.

ஷாபிஃபைக்கு மாதாமாதம் கட்டணம் உண்டு. சர்வர், பாதுகாப்பு எல்லாம் அவர்கள் பொறுப்பு. வேர்ட்பிரஸில் வூகாமர்ஸ் என்ற இலவச நீட்சியை (பிளகின்) சேர்த்தால் அது கடையாகும். டொமைன் (தளத்தின் முகவரி), ஹோஸ்டிங் (தளத்தை வைக்கும் சர்வர் இடம்) செலவும் அப்டேட் வேலையும் உங்கள் பாடு. வீட்டில் கம்ப்யூட்டர் பார்க்க ஆள் இல்லை, ஆர்டர் ஓரளவு நிச்சயம் என்றால் ஷாபிஃபை. ஆர்டர் எப்படி வருமென்று தெரியாத தொடக்கம், வாரம் ஒருமுறை உட்கார்ந்து பார்க்க மகனோ மகளோ இருக்கிறார்கள் என்றால் வூகாமர்ஸ். மாதக் கட்டணம் ஆர்டர் இல்லாத மாதத்திலும் வரும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். 13-வது கேள்வியில் வரும் தடைக்கால விஷயத்தோடு சேர்த்து இதைக் கணக்குப் போடுங்கள்.

3. இலவச தீம் போதுமா? காசு குடுத்து வாங்கினாத்தான் நல்லா இருக்கும்னு சொல்றாங்களே

ஐம்பது சாமானுக்குக் கீழே உள்ள கடைக்கு இலவச தீம் தாராளமாகப் போதும். வேர்ட்பிரஸில் ஆஸ்ட்ரா, கேடன்ஸ், பிளாக்ஸி ஆகியவற்றின் இலவசப் பதிப்புகள் கடைக்கு ஏற்றவை. ஷாபிஃபையில் டான் என்ற இலவச தீம் 2021 முதல் இருக்கிறது, எளிமையானது, வேகமானது.

காசு கொடுத்து வாங்கும் தீமில் கிடைப்பவை பெரும்பாலும் பல அடுக்கு மெனு, நிறம், அளவு வாரியான வடிகட்டி, விதவிதமான முகப்பு அமைப்பு. நூற்றுக்கணக்கில் துணி ரகம் வைத்திருக்கும் பரமக்குடிக் கடைக்கு வடிகட்டி தேவை. ஆறு வகைக் கருவாடு விற்பவருக்கு எதற்கு? வாங்கியே ஆக வேண்டுமென்றால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: ஷாபிஃபை தீம் கடையில் உள்ள கட்டணத் தீமை உங்கள் சொந்தச் சரக்கோடு போட்டுப் பார்த்துவிட்டு, வெளியிடும்போது மட்டும் பணம் கட்டலாம். தீம்ஃபாரஸ்ட் என்ற தீம் சந்தையில் வாங்கினால் சாதாரண உரிமம் ஒரு தளத்துக்குத்தான், உதவி 6 மாதம்.

4. டெமோவுல அவ்வளவு அழகா இருந்துச்சு. நான் போட்டா ஏன் இப்படிக் கண்றாவியா இருக்கு?

அதிகம் கேட்கப்படுவது இதுதான். டெமோவில் நீங்கள் பார்த்து மயங்கியது பெரும்பாலும் தீமை அல்ல, படங்களை. கைதேர்ந்த புகைப்படக்காரர் எடுத்த, ஒரே வெளிச்சம், ஒரே பின்னணி, ஒரே அளவில் உள்ள படங்கள். அவற்றை எடுத்துவிட்டால் மிஞ்சுவது வெள்ளைத் தாளும் நான்கு கட்டங்களும்தான். அந்தக் கட்டத்தில் வாட்ஸ்அப்பில் வந்த படம் ஒன்று, இரவில் டியூப்லைட்டில் எடுத்தது ஒன்று, கூகுளில் எடுத்தது ஒன்று என்று வைத்தால் எந்தத் தீமும் தாங்காது.

இரண்டாவது காரணம் எழுத்தின் நீளம். டெமோவில் சாமான் பெயர் இரண்டு சின்ன ஆங்கிலச் சொல். நம்முடையது ‘தலை நீக்கிய நெத்திலிக் கருவாடு 250 கிராம்’. போனில் இரண்டு இரண்டாகக் கட்டம் வரும்போது இந்தப் பெயர் மூன்று, நான்கு வரிக்கு ஓடும், பக்கத்துக் கட்டத்தில் ‘மாசி’ ஒரே வரியில் நிற்கும், பட்டன்கள் ஏறுமாறாகிவிடும். எடை விவரத்தைப் பெயரிலிருந்து எடுத்துவிடுங்கள், அது 12-வது பதிலில் சொல்லும் தேர்வுப் பட்டியலுக்குப் போக வேண்டியது.

ஆகவே தேர்வு செய்யும் முறையைத் திருப்பிப் போடுங்கள். முதலில் உங்கள் சாமான் ஐந்துக்குப் படம், தமிழ்ப் பெயர், விலை தயார் செய்யுங்கள். அதை மூன்று தீமில் போட்டு, உங்கள் போனில் திறந்து பாருங்கள். டெமோவைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

5. எங்கிட்ட மொத்தமே எட்டு சாமான்தான். கடை காலியாத் தெரியுமே?

காலியாகத் தெரிவதற்குக் காரணம் எட்டு அல்ல; எண்பது சாமானுக்கான தீமில் எட்டை வைத்ததுதான். முகப்பில் ‘புதுவரவு’, ‘அதிகம் விற்பவை’, ‘சிறப்புச் சலுகை’ என்று மூன்று வரிசை இருந்தால் அதே எட்டு மூன்று தடவை வரும், பார்க்கிறவருக்கு உடனே தெரிந்துவிடும். அந்த வரிசைகளை அணைத்துவிட்டு ஒரே வரிசையில் எட்டையும் காட்டுங்கள். அதற்குக் கீழே அந்தக் கருப்பட்டி எந்த ஊர்ப் பனையில் இறக்கிய பதநீர், யார் காய்ச்சியது, எத்தனை மாதம் வைத்திருக்கலாம் என்று நாலு வரி. படத்தையும் எழுத்தையும் பக்கம் பக்கமாக வைக்கும் பகுதி பெரும்பாலான தீம்களில் இருக்கிறது.

6. கருவாட்டை எப்படிப் போட்டோ எடுத்தாலும் நல்லா வரல. ஒரு கட்டத்துல மீனோட தலையே இல்ல

இரண்டு கோளாறு சேர்ந்திருக்கிறது. தலை போனது தீமின் வேலை. பல தீம்கள் பட்டியல் பக்கத்தில் எல்லாப் படத்தையும் சதுரமாக வெட்டும். சாவாளை போன்ற நீள மீனைக் கிடைமட்டமாக எடுத்தால் சதுரத்தில் நடு உடம்பு மட்டும்தான் மிஞ்சும். வூகாமர்ஸில் ‘கஸ்டமைஸ்’ பகுதிக்குள் படங்களுக்கான இடத்தில், வெட்டாமல் காட்டும் தேர்வு உண்டு. டான் தீமில் படத்தின் விகிதத்தைச் சதுரம், நெட்டு, படத்துக்கு ஏற்றபடி என்று மாற்றலாம். ஆனால் வெட்டாமல் விட்டால் கட்டங்கள் உயரம் மாறி மாறி நிற்கும். அதைவிட, போன் கேமராவையே சதுரத்துக்கு மாற்றி, சாவாளையை மூலைக்கு மூலை சாய்த்து வைத்தோ துண்டு போட்டுக் குவித்தோ எடுப்பது நல்லது.

படம் நன்றாக வராததற்குக் காரணம் பின்னணி. கருவாட்டை வெள்ளைத் தாளில் வைத்தால் பழுப்புக் கட்டியாகத்தான் தெரியும். பனையோலைப் பாயிலோ சுளகிலோ வைத்து, காலை வெயில் நேராகப் படாத திண்ணை நிழலில் எடுங்கள். முதல் படம் முழுசாக, இரண்டாவது படம் சதையின் வெட்டு தெரிய மிக அருகில், மூன்றாவது கையில் பிடித்தபடி. சீலாக் கருவாட்டுத் துண்டின் கனம் கை பக்கத்தில் இருந்தால்தான் வாங்குகிறவருக்குப் புரியும். கருவாட்டில் உப்புப் பூத்திருந்தால் மறைக்க வேண்டாம். தெரிந்தவர்கள் அதைப் பார்த்துத்தான் வாங்குவார்கள்.

7. சங்கு, சிப்பிச் சாமான் விக்கிறேன். ஒண்ணு மாதிரி இன்னொண்ணு இருக்காது. அதுக்கு என்ன தீம்?

சாமான் பக்கத்தில் பெரிய படமும், தொட்டால் பெரிதாகும் வசதியும், பக்கவாட்டில் தள்ளிப் பார்க்கும் படத்தொகுப்பும் உள்ள தீம். எடை, நீளம் செண்டிமீட்டரில் இருக்கட்டும். விலை உயர்ந்த வலம்புரி போன்றவற்றைத் தனித்தனிச் சாமானாக, இருப்பு 1 என்று ஏற்றுங்கள். சிப்பி மாலை, கண்ணாடிச் சட்டம் போன்றவற்றுக்கு ‘நிறமும் கோடும் சற்று மாறும்’ என்ற வரி, விலைக்குப் பக்கத்திலேயே தெரிய வேண்டும்.

கடற்கரை அலங்காரம் என்ற பெயரில் வரும் தீம் டெமோக்களில் பவளப் பாறை, கடல் குதிரைப் படங்கள் இருக்கும். அவற்றை அப்படியே விட்டுவைக்காதீர்கள். பவளம், கடல் குதிரை, கடல் அட்டை, சில வகைச் சங்கு, சிப்பிகள் 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் உள்ளவை. மன்னார் வளைகுடாக் கரையில் இருந்துகொண்டு அந்தப் படத்தைக் கடை முகப்பில் வைத்தால் விற்கிறீர்களோ என்ற கேள்வி வரும். நீங்கள் விற்கும் ஒவ்வொரு வகையும் பட்டியலில் இல்லாதது என்பதை வனத்துறையிடம் உறுதி செய்துகொண்ட பிறகே ஏற்றுங்கள்.

8. முகப்புல பாம்பன் பாலத்தைப் பெருசா வைக்கணும்னு ஆசை. வைக்கலாமா?

ஊர்ப் பாசம் புரிகிறது. ஆனால் திரை முழுக்கப் பாலம் வந்தால் முதல்முறை வருகிறவர் இதைச் சுற்றுலாத் தளம் என்றுதான் நினைப்பார். போனில் முதல் திரையில் என்ன விற்கிறீர்கள் என்பது தெரிந்தாக வேண்டும். பாலத்தை ‘எங்களைப் பற்றி’ பக்கத்துக்குக் கொண்டுபோங்கள். அங்கேயும் இணையத்தில் கிடைக்கிற பழைய படம் வேண்டாம். 1914-இல் திறந்த பழைய பாலத்தில் நடுப்பகுதி இரண்டாகப் பிரிந்து மேலெழும். 2025 ஏப்ரலில் திறந்த புதியதில் நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக மேலே போகும். எது எதுவென்று நம் ஊர்க்காரர்களுக்குப் பார்த்ததும் தெரியும். நீங்களே போய் எடுங்கள்.

9. தமிழ்ல போட்டா எழுத்து ஒண்ணோட ஒண்ணு இடிக்குது. சில இடத்துல என்னென்னமோ எழுத்தா வருது. ஏன்?

என்னென்னவோ வந்தால், அந்த எழுத்து யூனிகோடில் (எல்லாக் கருவிகளும் படிக்கும் பொதுக் குறியீட்டில்) இல்லை. நோட்டீஸ் அடித்த அச்சகத்தில் வாங்கிய கோப்பு பாமினி போன்ற பழைய எழுத்துருவில் இருக்கும். அதை நகலெடுத்து ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் வரும். பாமினியை யூனிகோடாக மாற்றும் இலவசக் கருவிகள் இருக்கின்றன. மாற்றிய பிறகு ஒருமுறை வாசித்துத் திருத்தி ஒட்டுங்கள்.

எழுத்து இடிப்பதற்குக் காரணம் தீம் ஆங்கிலத்துக்கு அளவெடுத்து வைத்த வரி இடைவெளி. தலைப்புகளுக்கு 1.1 மடங்கு என்று இருக்கும். ஆங்கிலத்துக்கு அது போதும். நமக்கு மேலே ‘தி’யின் சுழியும் கீழே ‘சூ’வின் வாலும் உண்டே. இரண்டு வரித் தலைப்பில் மேல்வரி ‘சூடை’யின் வாலும் கீழ்வரி ‘நெத்திலி’யின் சுழியும் மோதும். தலைப்புக்கு 1.4, உள் எழுத்துக்கு 1.7 அளவில் வைத்துப் பாருங்கள். எழுத்துக்களுக்கு இடையேயான இடைவெளி மைனஸில் இருந்தால் பூஜ்யமாக்குங்கள். பத்தியை இருபக்கமும் சமமாக இழுக்கும் அமைப்பையும் அணையுங்கள்; நம் நீளச் சொற்களுக்கு நடுவே பெரிய பெரிய ஓட்டை விழும்.

எழுத்துருவையும் கவனியுங்கள். பல தீம்கள் பாப்பின்ஸ் எழுத்துருவோடு வரும். அதில் தமிழ் இல்லை. தமிழ் வரும் இடத்தில் அந்தந்தக் கருவி தன்னிடம் உள்ளதைப் போட்டுக்கொள்ளும். ஆண்ட்ராய்டில் ஒரு முகம், ஐபோனில் ஒரு முகம். கூகுள் எழுத்துருக்களில் முக்த மலர், ஹிந்த் மதுரை, கட்டமரான், நோட்டோ சான்ஸ் தமிழ் ஆகிய நான்கும் தமிழும் ஆங்கிலமும் சேர்ந்து வாசிக்க நன்றாக இருக்கும். ஒன்றே ஒன்றை எடுங்கள். சாதாரணம், தடிமன் என்று இரண்டு கனம் போதும். அலங்கார எழுத்தைக் கடைப் பெயருக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

10. பட்டன்ல இருக்கிற இங்கிலீஷைத் தமிழாக்கணும். எங்கே மாத்துறது?

வேர்ட்பிரஸில் தள மொழியைத் தமிழாக்கினால் ஒரு பகுதி தானாக மாறும். மீதியை லோகோ டிரான்ஸ்லேட் என்ற நீட்சியில் ஒவ்வொன்றாக எழுதலாம். ஷாபிஃபையில் தீமின் மூன்று புள்ளி மெனுவுக்குள் தீமின் இயல்பான சொற்களைத் திருத்தும் இடம் இருக்கிறது. பட்டனுக்குக் குட்டையாக எழுதுங்கள்: ‘கூடையில் சேர்’, ‘வாங்கு’, ‘ஆர்டர் செய்’. நீளமான சொல் சின்ன போனில் இரண்டாக உடையும். ஓடிபி, பின்கோடு, யுபிஐ போன்றவற்றுக்குப் புதுச் சொல் தேட வேண்டாம், எல்லோரும் அப்படியேதான் சொல்கிறார்கள்.

சாமானின் இணைய முகவரியை மட்டும் ஆங்கில எழுத்தில் வையுங்கள். தமிழில் விட்டால் வாட்ஸ்அப்பில் பகிரும்போது விழுக்காட்டுக் குறியும் எண்ணுமாக நாலு வரிக்கு நீளும். வேர்ட்பிரஸில் அந்த முகவரிக்கு 200 எழுத்து வரம்பு உண்டு. ஒரு தமிழ் எழுத்துக்குறி அங்கே 9 இடம் எடுக்கும் என்பதால் பெயர் பாதியில் வெட்டுப்படும். இன்னொன்று: வாங்குகிறவர்கள் நெத்திலி, கருப்பட்டி என்பதையெல்லாம் ஆங்கில எழுத்தில்தான் தட்டித் தேடுவார்கள். அந்த எழுத்துக்கூட்டலைச் சாமானின் சுருக்க விவரத்துக்குள் ஒரு தடவை எழுதி வைத்தால் கடைக்குள் இருக்கும் தேடலில் அகப்படும்.

11. எங்க வீட்டு போன்ல திறக்கவே ரொம்ப நேரமாகுது. தீம் கனமா?

தீமும் இருக்கலாம், ஆனால் முதலில் படத்தைப் பாருங்கள். போனில் எடுத்த படம் 3, 4 எம்பி இருக்கும். அகலத்தை 1200 பிக்சலுக்குக் குறைத்து வெப்பி (WebP) என்ற பட வடிவில் சேமித்தால் 150 கேபிக்குள் வந்துவிடும். ஷாபிஃபை தானாகவே அளவைக் குறைத்து அனுப்பும். வேர்ட்பிரஸில் நாம்தான் பார்க்க வேண்டும்.

அடுத்தது, முகப்பில் தானாக நகரும் ஸ்லைடர். முதல் படத்தைத் தாண்டி யாரும் பார்ப்பதில்லை, ஆனால் ஐந்து படமும் இறங்கும். எடுத்துவிட்டு ஒரே படம் வையுங்கள். பிறகு கூகுளின் பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸில் உங்கள் முகவரியைப் போட்டு, போனுக்கான மதிப்பைப் பாருங்கள். முக்கியப் படம் 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும், தொட்டதற்கு 200 மில்லிவிநாடிக்குள் அசைவு வர வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவு. தீம் வாங்குமுன் அதன் டெமோ முகவரியையும் இதே இடத்தில் போட்டுப் பார்க்கலாம். சாமான் ஒன்றுகூட ஏற்றாத நிலையிலேயே திணறும் தீமை விட்டுவிடுங்கள்.

நிறமும் இதோடு சேர்ந்ததுதான். மணல் நிறம், சிப்பி வெள்ளை என்று மெல்லிய நிறத்தில் எழுத்து வைத்தால் வெயிலில் நிற்கிறவருக்குப் போனில் ஒன்றும் தெரியாது. எழுத்துக்கும் பின்னணிக்கும் வேறுபாடு 4.5-க்கு 1 விகிதமாவது வேண்டும். கருநீலம், கருப்பட்டிப் பழுப்பு எல்லாம் வெள்ளையில் நன்றாக எடுக்கும்.

12. கால் கிலோ, அரைக் கிலோ, ஒரு கிலோனு தனித்தனியாப் போடணுமா?

வேண்டாம். ஒரே சாமானாக ஏற்றி எடையை மாறுவகையாக (வேரியேஷன்) சேருங்கள். ஒவ்வொரு எடைக்கும் தனி விலை, தனி இருப்பு, தனி அஞ்சல் எடை கொடுக்கலாம். தீமில் பார்க்க வேண்டியது, இந்தத் தேர்வு கீழிறங்கு பட்டியலாக வருகிறதா, பட்டனாக வருகிறதா என்பது. மூன்றே அளவு என்றால் பட்டன்தான் நல்லது. எல்லா அளவும் ஒரே பார்வையில் தெரியும்.

13. தடைக்காலத்துல சரக்கே இருக்காது. கடையை மூடி வச்சிடலாமா காக்கா?

மூட வேண்டாம். நம் கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை. நாட்டுப்படகு போகும் என்றாலும் வரத்து குறையும். வடகிழக்குப் பருவமழையில் காயப்போடவும் முடியாது. இப்படி ஆண்டில் பல மாதம் ஏதோ ஒரு சாமான் இல்லாமல்தான் இருக்கும். இதைத் தாங்குகிற தீமைத்தான் நாம் எடுக்க வேண்டும். மற்றக் கடைகளுக்கும் நமக்கும் உள்ள பெரிய வித்தியாசமே இதுதான்.

வூகாமர்ஸில் இருப்பு இல்லாததைப் பட்டியலிலிருந்து மறைக்கும் வசதி உண்டு. எல்லாம் தீர்ந்த நாளில் அதைப் போட்டால் கடை வெறிச்சோடிவிடும். அதனால் மறைக்காமல் ‘தீர்ந்தது’ என்ற பட்டையை ‘ஜூன் கடைசியில் வரும்’ என்பது போல மாற்றி எழுதுங்கள். 10-வது பதிலில் சொன்ன இடத்திலேயே மாற்றலாம். வந்ததும் தகவல் சொல்ல எண் வாங்கிக்கொள்ளும் பட்டனும் வையுங்கள். முகப்பைப் பகுதி பகுதியாக மேலே கீழே நகர்த்த முடிகிற தீமாக இருந்தால், தடைக்காலத்தில் கருவாட்டைக் கீழே இறக்கிவிட்டு மிளகாயையும் கருப்பட்டியையும் மேலே ஏற்றலாம். வேர்ட்பிரஸின் பிளாக் தீம்களிலும் 2021-க்குப் பிறகு வந்த ஷாபிஃபை தீம்களிலும் இது சுலபம். போனிலேயே செய்துவிடுவேன் என்கிற அளவுக்குப் பழகிக்கொள்ளுங்கள்.

14. ‘இன்னும் 2 தான் பாக்கி’, ‘10 நிமிஷத்துல ஆஃபர் முடியுது’னு தீம்லயே வருது. ஆன் பண்ணலாமா?

உண்மையாக 2 பாக்கி இருந்தால் போடலாம். பக்கத்தை மறுபடி திறந்தால் மறுபடி 10 நிமிடம் காட்டும் கடிகாரம் பொய். ‘சென்னையில் ஒருவர் இப்போதுதான் வாங்கினார்’ என்று எட்டிப் பார்க்கும் பெட்டியும், யாரும் வாங்காமலே வருகிறது என்றால் பொய்தான். 2023 நவம்பரில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதலில் ஏமாற்று வடிவமைப்பு என்று 13 வகை சொல்லப்பட்டிருக்கிறது; போலி அவசரமும், கேட்காமலே கூடையில் சாமான் சேர்ப்பதும் அதில் அடக்கம். சம்மதக் கட்டத்தில் முன்கூட்டியே டிக் போட்டு வைப்பதையும் 2020 மின்வணிக விதிகள் தடுக்கின்றன. தீமில் வருவதால் அனுமதி உண்டு என்று அர்த்தமில்லை, அணைத்துவிடுங்கள்.

முத்திரைகளும் அப்படியே. ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்காக நாம் எல்லோரும் அந்த இலச்சினையைப் படத்தின் மூலையில் ஒட்ட முடியாது; அங்கீகரிக்கப்பட்ட பயனராகப் பதிவு செய்தவர்கள்தான் பயன்படுத்தலாம்.

15. அடியில என்னென்ன எழுதணும்? பேமென்ட் கம்பெனிக்காரன் திருப்பி அனுப்பிட்டான்

பணம் வாங்கும் நிறுவனங்கள் தளத்தைப் பார்த்த பிறகே அனுமதி தரும். தொடர்பு முகவரி, தனியுரிமை, பணம் திருப்பும் விதி, அனுப்பும் விதி, நிபந்தனைகள் ஆகிய பக்கங்கள் அடிப்பகுதியில் இருக்க வேண்டும். தீமோடு வந்த ஆங்கில மாதிரி எழுத்தையும் வெளிநாட்டுப் போலி முகவரியையும் அழிக்காமல் விட்டிருப்பது, திருப்பி அனுப்பப்படுவதற்கு நான் அடிக்கடி பார்க்கும் காரணம். புகாரைக் கவனிப்பவர் பெயரும் எண்ணும் போடுங்கள்; புகாரைப் பெற்றதாக 48 மணி நேரத்துக்குள் பதில், ஒரு மாதத்துக்குள் தீர்வு என்பது மேலே சொன்ன 2020 விதிகளில் உள்ளது.

உணவுப் பொருள் என்றால் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ-யின் 14 இலக்க எண்ணும் தெரிய வேண்டும். கருவாடும் தொதலும் உணவுதான். பொட்டலச் சாமானுக்கு அதிகபட்ச விலை, நிகர எடை, தயாரித்தவர் பெயர் முகவரி, தொடர்பு எண் ஆகியவை அந்தச் சாமான் பக்கத்திலேயே வேண்டும். எல்லாச் சாமானுக்கும் பொதுவாக வரும்படி தீமில் ஒரு பகுதி அமைத்துவிட்டால் ஒவ்வொன்றிலும் எழுதும் வேலை மிச்சம்.

16. கூடையில சேர்க்கிறாங்க, ஆனா வாங்காமப் போயிடுறாங்க. தீம் கோளாறா?

முகவரிப் பக்கத்தை நீங்களே வாடிக்கையாளராக நிரப்பிப் பாருங்கள். கம்பெனி பெயர், இரண்டாவது முகவரி வரி, கணக்குத் தொடங்கக் கடவுச்சொல் என்று தேவையில்லாத கட்டங்கள் இருக்கும். ஷாபிஃபையிலும் வூகாமர்ஸிலும் இவற்றை அமைப்பில் போய் நீக்கலாம். போன் எண்ணைக் கட்டாயமாக்குங்கள், நம் பக்கம் கூரியர் பையன் போன் போட்டுத்தான் வீடு கண்டுபிடிப்பார்.

அஞ்சல் செலவு கடைசிப் பக்கத்தில்தான் தெரிகிறது என்றால் அதுவும் காரணம். சாமான் பக்கத்திலேயே, விலைக்குக் கீழே எழுதிவிடுங்கள். வாட்ஸ்அப் பட்டன் வைப்பது நல்லதுதான், ஆனால் தீமின் கூடைப் பட்டன் மேல் அது உட்கார்ந்துவிடாமல் பாருங்கள். போனில் வலது கீழ் மூலைக்கு இரண்டும் அடிக்கடி போட்டி போடும்.

17. துபாய், மலேசியாவுல இருக்கிற நம்ம ஆளுங்க கேக்குறாங்க. ரெண்டு பாஷை, ரெண்டு காசு காட்டுற தீம் வேணுமா?

கீழக்கரை, பெரியபட்டினம் பக்கத்திலிருந்து இதை நிறையக் கேட்கிறார்கள். பெரும்பாலும் வெளிநாட்டில் இருப்பவர் காசு கட்டுவார், சாமான் ஊரில் உள்ள அம்மா வீட்டுக்குப் போகும். அப்படியானால் வேண்டியது வேறு காசு அல்ல; பில் முகவரியும் அனுப்பும் முகவரியும் தனித்தனியே வாங்கும் வசதியும், வெளிநாட்டு அட்டையை ஏற்கும் பணச் சேவையும்தான். உணவுப் பொருளை வெளிநாட்டுக்கே அனுப்புவதென்றால் அந்த நாட்டு விதி, ஏற்றுமதிப் பதிவு என்று தனி வேலை. தீம் அதற்கு உதவாது.

மொழியைப் பொறுத்தவரை, பெயரை இரண்டு மொழியிலும் எழுதி, விவரத்தை எளிய தமிழில் வைத்தால் சின்னக் கடைக்குப் போதும். முழுசாக இருமொழித் தளம் என்றால் ஒவ்வொரு விலை மாற்றத்தையும் இரண்டு இடத்தில் சரிபார்க்க வேண்டியிருக்கும்.

18. தீம் மாத்தினா ஏத்தின சாமான் எல்லாம் அழிஞ்சிடுமா?

அழியாது. முதல் பதிலில் சொன்னபடி சரக்கு வேறு, தட்டு வேறு. போவது என்னவென்றால் முகப்பு அமைப்பு, நிறம், மெனு இடம், விட்ஜெட், பழைய தீமுக்கே உரிய சிறப்புப் பகுதிகள். பழைய தீமோடு வந்த பக்கக் கட்டமைப்பான் (பேஜ் பில்டர்) ஒன்றில் பக்கங்களைச் செய்திருந்தால் அவை சதுர அடைப்புக்குறிகளும் குறியீடுமாக உடைந்து தெரியலாம். வேர்ட்பிரஸில் முழு நகல் எடுத்துக்கொண்டு, சோதனைப் பிரதியில் மாற்றிப் பாருங்கள். ஷாபிஃபையில் புதுத் தீமைச் சேர்த்து வெளியிடாமலே வேலை செய்யலாம். வாடிக்கையாளருக்குப் பழையதுதான் தெரியும். தீபாவளிக்கு முந்தின வாரம் மட்டும் இந்த வேலையில் இறங்க வேண்டாம்.

19. அப்டேட் குடுத்தேன், செஞ்சு வச்சது எல்லாம் போச்சு!

தீமின் சொந்தக் கோப்புக்குள் யாரோ கைவைத்திருக்கிறார்கள். அப்டேட் வந்தால் அந்தக் கோப்பு புதிதாக எழுதப்படும். நிறம், எழுத்தளவு போன்றவற்றை ‘கூடுதல் சிஎஸ்எஸ்’ என்ற, தோற்றத்துக்கான வரிகளை எழுதும் இடத்தில் எழுதினால் அப்டேட்டில் தப்பும். 9-வது பதிலில் சொன்ன வரி இடைவெளியை அங்கேதான் எழுத வேண்டும். அதைவிடப் பெரிய மாற்றம் என்றால் சைல்டு தீம் (தாய்த் தீமின் மேல் உங்கள் மாற்றங்களை மட்டும் வைக்கும் துணைத் தீம்) உருவாக்கி அதில் செய்யுங்கள். தாய்த் தீம் புதுப்பித்தாலும் அதில் எழுதியது அப்படியே நிற்கும். ஷாபிஃபையில் தீமின் புதுப்பதிப்பு தனிப் பிரதியாக வரும். கோடில் செய்த மாற்றம் அதற்குத் தானாக வராது, எடுத்து எழுத வேண்டும். எதை எங்கே மாற்றினோம் என்று ஒரு நோட்டில் தேதியோடு எழுதி வையுங்கள்.

அப்டேட்டே கொடுக்காமல் விடுவது தீர்வல்ல. பழைய தீமின் ஓட்டை வழியாகத்தான் பல தளங்களுக்குள் ஆள் நுழைகிறார்கள்.

20. காசு தீமை டெலிகிராம்ல சும்மா தர்றாங்க. வேர்ட்பிரஸ் தீம் எல்லாம் ஜிபிஎல்தானே, தப்பா?

நல்ல கேள்வி. ஜிபிஎல் உரிமம் மறுபகிர்வுக்கு இடம் கொடுப்பது உண்மைதான். ஆனால் அந்தக் கோப்புக்குள் இடையில் யார் எதைச் சேர்த்தார்கள் என்பது உங்களுக்குத் தெரியாது. உங்கள் வாடிக்கையாளரைச் சூதாட்டத் தளத்துக்குத் திருப்பிவிடும் வரியோ, அவர்கள் தட்டும் விவரத்தை வெளியே அனுப்பும் வரியோ இருக்கலாம். அப்டேட்டும் வராது. ஊரில் பெயர் சம்பாதித்து வைத்திருக்கும் கடையை இப்படிப் பணயம் வைக்க வேண்டிய அவசியமே இல்லை. 3-வது பதிலில் சொன்ன இலவச தீம்கள் நேர்வழியிலேயே கிடைக்கின்றன.

21. தளம் செஞ்சு குடுத்தவர் இப்போ போனே எடுக்க மாட்டேங்கிறார். தீமை நான் எப்படி மாத்துறது?

முதலில் டொமைன் யார் பெயரில், யார் மின்னஞ்சலில் இருக்கிறது என்று பாருங்கள். அது உங்கள் பெயரில் இருந்தால் மற்றதெல்லாம் மீட்கக்கூடியது. வேர்ட்பிரஸ் என்றால் ஹோஸ்டிங் கணக்கு கையில் இருந்தால் போதும், அதற்குள்ளிருந்தே நிர்வாகி கடவுச்சொல்லை மாற்ற முடியும். ஷாபிஃபை என்றால் கடையின் உரிமையாளர் கணக்கு உங்கள் மின்னஞ்சலில் இருக்க வேண்டும். செய்து தருபவருக்கு ஊழியர் அனுமதியோ கூட்டாளர் அனுமதியோ கொடுத்தால் போதும். நிர்வாகியாக உள்ளே நுழைந்ததும் வேறு யார் யாருக்கு அனுமதி இருக்கிறது என்று பார்த்து, தெரியாதவர்களை நீக்குங்கள். அப்புறம் சாமான் பட்டியலையும் ஆர்டரையும் கோப்பாக இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

காசு கொடுத்த தீம் என்றால் அதை அவர் தன் கணக்கில் வாங்கியிருப்பார். உரிமம் இல்லாமல் தீம் ஓடும், ஆனால் அப்டேட் நின்றுவிடும். மறுபடி வாங்குவதா, இலவசத் தீமுக்கு மாறுவதா என்பதை 18-வது பதிலில் சொன்னபடி சோதனைப் பிரதியில் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். புதிதாக யாரிடமாவது வேலை கொடுப்பதாக இருந்தால் டொமைன், ஹோஸ்டிங், பணச் சேவை, தீம் உரிமம் நான்கையும் உங்கள் மின்னஞ்சலிலேயே தொடங்கச் சொல்லி, கடைசித் தவணைப் பணத்தை அதைச் சரிபார்த்த பிறகு கொடுங்கள்.